புயல் நீரில் இறங்கி நடந்த பெருந்தலைவர்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

வங்கக் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள். அச்சத்தின் மாதங்களும் அவையே. கிழக்கே வானம் கருத்து வாடைக்காற்று வலுத்துவிட்டால், கோடியக்கரையில் மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். அகத்தியன்பள்ளி உப்பளங்களில் குவித்த உப்பின்மேல் கீற்றுப் போட்டு மூடுவார்கள். உள்ளூரில் உழவர் கதிர் வாங்கி நிற்கும் சம்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். காலங்காலமாக நடக்கும் காட்சி இது.

புயல் ஓர் இரவில் வந்து போய்விடும். அது விட்டுச் செல்லும் துன்பமோ ஆண்டுக்கணக்கில் நீளும். கூரை போனவனுக்குக் கூரை, பயிர் போனவனுக்கு விதை, வலை போனவனுக்கு வலை, பிள்ளையை இழந்தவளுக்கு ஆறுதல் என்று எல்லாவற்றுக்கும் மக்கள் அரசின் முகத்தையே பார்க்கிறார்கள். ஓர் அரசு எத்தகையது என்பதை அதன் விழாக்களைக் கொண்டு அறிய முடியாது. புயலுக்கு மறுநாள் காலையில் அறியலாம். அந்தத் தேர்வில் தேறிய ஒரு தலைவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். பள்ளிகளைத் திறந்தவர் என்று நாடு போற்றும் பெருந்தலைவர் காமராசர் அவர். கல்விக்கு அவர் செய்த தொண்டு ஊரறிந்தது. பேரிடர்க் காலத்தில் அவர் நின்ற நிலையை நம் தலைமுறை அவ்வளவாக அறியாது.

இளமை

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். அவ்வூரே இன்றைய விருதுநகர். தந்தை குமாரசாமி நாடார். தாய் சிவகாமி அம்மையார். உடன்பிறந்தவர் நாகம்மாள் என்னும் ஒரு தங்கை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் நொடித்தது. சத்திரிய வித்தியாசாலையில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். துணி அளக்க வேண்டிய கைகள் செய்தித்தாளைப் புரட்டின. 1919ஆம் ஆண்டு சாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி அவர் உள்ளத்தை உலுக்கியது. இனி வாழ்வு நாட்டுக்கே என்று உறுதி கொண்டார். அந்த உறுதி இறுதிவரை மாறவில்லை. அவர் திருமணமும் செய்துகொள்ளவில்லை.

வறுமையை நூலில் படித்தவர் அல்லர் அவர், வீட்டிலேயே கண்டவர். கூரை ஒழுகும் வீட்டில் மழை இரவு எப்படிக் கழியும் என்பதை அவருக்கு எந்த அதிகாரியும் அறிக்கையாக எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

உப்பு மண்ணோடு உறவு

நம் கடற்கரைக்கும் காமராசருக்கும் உள்ள உறவு 1930இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராசாசி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, தஞ்சை மாவட்டத்தின் ஊர்கள் வழியே நடந்து வேதாரண்யம் வந்தார். ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியன்பள்ளியில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார். வேதரத்தினம் பிள்ளை போன்ற இம்மண்ணின் மைந்தர்கள் சொத்தையும் சுகத்தையும் இழக்கத் துணிந்து துணை நின்றனர். தொண்டர்களுக்குச் சோறிடக் கூடாது என்று மாவட்ட ஆட்சி மிரட்டியும், வழிநெடுகிலும் மக்கள் சோறிட்டனர். அந்த உப்புப் போரில் ஈடுபட்ட காமராசர் சிறைத்தண்டனை பெற்று, தொலைவில் கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். காந்தி-இர்வின் உடன்பாட்டுக்குப் பின் 1931இல் விடுதலையானார்.

அதன் பிறகும் சிறை அவரை விடவில்லை. பல தடவைகளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். பள்ளியில் விட்டதைச் சிறையில் படித்தார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார். வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து அந்த நாற்காலியில் ஒரு முறை அமர்ந்து, உடனே பதவியைத் துறந்தார். முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை வைத்துக்கொள்வது முறையாகாது என்பது அவர் எண்ணம்.

கட்சித் தலைவராக இருந்த ஆண்டுகளில் அவர் தமிழகத்தின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினார். எந்த ஊருக்கு எந்த வாய்க்கால், எந்த வாய்க்காலுக்கு எங்கே மதகு, எந்தச் சாலை மழையில் அறும் என்பதெல்லாம் அவர் நினைவில் பதிந்திருந்தன என்று அவரோடு பணியாற்றியவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். பேரிடர் வேளையில் நிலப்படம் தேடி ஓடாமல் முடிவெடுக்க இந்த அறிவே கைகொடுக்கும். அதை அவர் பெற்றது நடந்து திரிந்த கால்களால்.

முதலமைச்சர்

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அவரையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட சிறிய அமைச்சரவை அது. தலைவர் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். வருவாய்த் துறை, வேறு கட்சியிலிருந்து வந்த மாணிக்கவேலு நாயக்கரிடம் இருந்தது. புயலும் வெள்ளமும் வந்தால் துயர் துடைக்கும் பொறுப்பு இத்துறையைத்தான் சேரும்.

அவர் பதவிக்கு வருமுன்பே நம் கடற்கரை ஒரு பெரும் அடி வாங்கியிருந்தது. 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயலில் சுமார் நானூறு பேர் மாண்டனர். கடல்நீர் எட்டுக் கிலோமீட்டர் வரை உள்ளே புகுந்தது. மூன்று ஆண்டுகள் முடிந்த அதே நாளில் அதைவிடக் கொடிய புயல் வரும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

1955ஆம் ஆண்டுப் புயல்

1955 நவம்பர் 30ஆம் நாள் இரவு தொடங்கி டிசம்பர் முதல் நாள்வரை அந்தப் புயல் தஞ்சைக் கடற்கரையைச் சூறையாடியது. அதிராம்பட்டினத்தை அடுத்த இராசாமடம் பகுதியில் கடல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழும்பியது என்றும், பதினாறு கிலோமீட்டர் தூரம் நிலத்துக்குள் புகுந்தது என்றும் வானிலைப் பதிவுகள் கூறுகின்றன. சுமார் ஐந்நூறு பேர் உயிரிழந்தனர். இராசாமடம் புயல் என்றே அது நூல்களில் இடம்பெற்றுள்ளது.

கடல் ஏன் அவ்வளவு உயரம் எழும்பியது? இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சிறிது விளக்கலாம். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். நாற்பது மில்லிபார் குறைந்தாலும் உயர்வு முழங்கால் அளவைத் தாண்டாது. எஞ்சிய உயரம் முழுவதும் காற்றின் வேலை. நம் பகுதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வடக்கிலிருந்து தெற்காக வரும் கரை கோடியக்கரையில் மேற்கே வளைந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எனப் பாக் நீரிணையை ஒட்டிச் செல்கிறது. புயல் மேற்கு நோக்கி நகர்ந்து போகும்போது அதன் கிழக்குப் பக்கத்துத் தென்காற்று, பாக் நீரிணையின் நீரை இந்தக் கரைமேல் தள்ளுகிறது. அங்கே கடல் ஆழம் குறைந்தது. தள்ளப்பட்ட நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே எழுகிறது. நிலமோ தட்டை, தடுக்க ஒரு குன்றும் இல்லை.

கடல்நீர் வந்து வடிந்த வயலில் உப்புத் தங்கிவிடும். ஆற்றுநீரை மறுபடி மறுபடி பாய்ச்சி வடித்தால்தான் மண் பழைய நிலைக்கு வரும். கார்த்திகையில் கதிர் வாங்கும் சம்பா அழிந்தால் தையில் அரிசி இல்லை. நிலம் உடையவருக்குக் கடன் ஏறும். கூலிக்கு அறுப்பவருக்கு அடுப்பே எரியாது. ஆகவே புயலில் செத்தவர் கணக்கு மட்டும் அழிவின் கணக்காகிவிடாது.

நீரில் இறங்கிய முதலமைச்சர்

அதே புயலும் மழையும் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் பெருவெள்ளமாக மாறின. கண்மாய்கள் உடைந்தன; சாலைகள் அறுந்தன; ஊர்கள் தீவுகளாயின. முதலமைச்சர் கோட்டையில் அமர்ந்து அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளப் பகுதிகளுக்கு விரைந்தார். ஓரிடத்தில் சாலை அறுந்து வண்டி நின்றது. அதற்கு மேல் போக முடியாது என்று அதிகாரிகள் தயங்கினர். காமராசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி நடந்தார். தயங்கி நின்றவர்களும் பின்னால் இறங்கினர். தண்ணீரில் நடந்து வருபவர் நாட்டின் முதலமைச்சர் என்று அறிந்தபோது, மேட்டில் ஒதுங்கி நின்ற மக்கள் அடைந்த வியப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையை எழுதியோர் மறவாமல் குறிக்கும் நிகழ்ச்சி இது.

இதை வெறும் வீரச்செயலாக நான் கருதவில்லை. இதில் ஓர் ஆட்சி நுணுக்கம் இருக்கிறது. அந்நாளில் ஓர் ஊரில் வீடு விழுந்தால் பட்டாமணியாரும் கணக்குப்பிள்ளையும் கணக்கு எழுத வேண்டும். அது வருவாய் ஆய்வாளரிடம் போய், தாசில்தாரிடம் போய், கலெக்டரிடம் போய், சென்னையில் வருவாய் வாரியத்தை அடைந்து, பிறகு அரசிடம் வரும். ஆணை அதே படிகளில் கீழே இறங்க வேண்டும். அமைதிக் காலத்தில் தவறு நேராமல் காக்கும் இந்த ஏணி, வெள்ளக் காலத்தில் மக்களைப் பட்டினி போட்டுவிடும். முதலமைச்சரே விழுந்த வீட்டின் முன்னால் வந்து நின்றால் ஏணியின் உச்சியும் அடியும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. கேட்பவரும் கொடுப்பவரும் நேருக்கு நேர் நிற்கும்போது காலம் மிச்சமாகிறது. காலம் மிச்சமானால் உயிர் மிச்சமாகிறது. முதலமைச்சர் இறங்கிய தண்ணீரில் தாசில்தார் இறங்க மறுக்க முடியாது என்பது இன்னொரு பயன்.

அரசு வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். தொலைவில் இருந்த அரசின் உதவி தாமதமாகவும் குறைவாகவும் வந்தது என்று மக்கள் கொதித்தனர். அடுத்த மாதமே தேர்தலில் அந்தக் கோபம் வெளிப்பட்டது. மறு ஆண்டில் வங்காளதேசம் என்னும் தனிநாடு பிறந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. புயலுக்குப் பின் கைவிடப்பட்டோம் என்ற உணர்வும் அவற்றுள் ஒன்று.

புயல் இல்லாத நாட்களின் வேலை

வெள்ளத்தில் நடந்ததோடு காமராசர் நின்றிருந்தால் அது ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும். அவர் பெருமை அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இருக்கிறது. மூடப்பட்ட ஆறாயிரம் பள்ளிகளைத் திறந்தார். பள்ளி இல்லாத ஊர்களில் புதிதாகத் தொடங்கினார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். மணிமுத்தாறு, சாத்தனூர், கிருட்டிணகிரி, வைகை என அணைகள் எழுந்தன. மின்சாரம் சிற்றூர்களைத் தேடிச் சென்றது. நெய்வேலியில் நிலக்கரி வெட்டும் பணி தொடங்கியது. 1960இல் நம் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நல்விதையும் உரமும் கடனும் உழவரை அடைந்தன.

இவை புயலுக்காகச் செய்யப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புயல் வரும் நாளில் இவையே முன்னே வந்து நிற்கின்றன. நம் கடற்கரை ஊர்களில் காற்று வலுத்தால் மக்கள் எங்கே ஓடுகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். கூரை வீடுகளுக்கு நடுவே அதுதான் கற்கட்டடம். பசித்தவர்களுக்குச் சோறு பொங்கப் பள்ளியின் சத்துணவு அடுப்புதான் பயன்படுகிறது. எச்சரிக்கையைப் படிக்கவும், நிவாரண விண்ணப்பத்தைப் பிறர் கையை எதிர்பாராமல் எழுதவும் கல்வி வேண்டும். கிணறும் சாலையும் மின்கம்பியும் உள்ள ஊர் விழுந்தால் எழுந்துவிடும். முன்பே விழுந்து கிடக்கும் ஊரைப் புயல் புதைத்துவிடும். புயலுக்கு எதிரான வேலையில் பெரும்பகுதி புயல் இல்லாத நாட்களில் நடக்க வேண்டியது என்பதே காமராசர் ஆட்சியிலிருந்து நான் கற்ற பாடம்.

அக்காலத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எச்சரிக்கை அப்போது தந்தியிலும் துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் கூண்டிலும் அடங்கியிருந்தது. புயற்காப்பு இல்லங்கள் இல்லை. காமராசர் பதவி விலகிய மறு ஆண்டில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில், தனுட்கோடியை நோக்கிச் சென்ற தொடர்வண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. சென்னையில் புயலைக் கண்டறியும் ராடார் 1973இல்தான் வந்தது. பின்னர் காரைக்காலிலும் அமைந்தது. 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினத்தில் வீசிய புயல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே கடற்கரையில் காப்பு இல்லங்கள் பரவலாக எழுந்தன. ஒரு தலைவரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. அடுத்தவர் தொடர்வதற்கு அடித்தளம் இட முடியும்.

இறுதி ஆண்டுகள்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் தாமாகவே முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்தவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்கு வரவேண்டும் என்ற தம் திட்டத்துக்குத் தாமே முதல் எடுத்துக்காட்டானார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப் பின் லால் பகதூர் சாத்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் தலைமையமைச்சராவதில் பெரும்பங்கு வகித்தார். 1967 தேர்தலில் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஓர் இளைஞரிடம் தோற்றார். மக்கள் தீர்ப்பை மனம் கோணாமல் ஏற்றார். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், சென்னையில் வாடகை வீட்டில் மறைந்தார். சொத்து என்று அவர் விட்டுச் சென்றவை சில வேட்டி சட்டைகளும் சிறிது பணமும் நூல்களுமே. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நமக்கு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதற்கு முன்பே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1952, 1955, 1977 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு மிகக் குறைவு. செயற்கைக்கோளும் ராடாரும், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் நாட்டுக்குக் கொண்டுவந்த முன்னேற்றம் அது. ஆனால் உயிர் தப்பியவர்களின் வாழ்வு? முப்பது ஆண்டுகள் வளர்த்த தென்னை ஒரே இரவில் வேரோடு சாய்ந்தது. அந்த நாட்களில் எங்கள் குடும்பம் பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. மரத்தை நம்பியிருந்த எங்கள் தெருவில் அதன்பிறகு படிப்பை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன்மார் பலர். முன்னெச்சரிக்கையில் வென்றுவிட்டோம், மீட்டெடுப்பதில் இன்னும் தூரம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த மலரைப் படிக்கும் நண்பர்கள் பலரும் அப்படியே. நம்மில் சிலர் நாளை தேர்வெழுதிக் கிராம நிர்வாக அலுவலராகவோ வருவாய் ஆய்வாளராகவோ ஆவோம், சிலர் மின்வாரியத்தில் சேர்வோம், சிலர் ஆசிரியராவோம். மீண்டும் ஒரு கார்த்திகையில் காற்று வீசும். அப்போது கணக்கு எடுக்கும் கையும், அரிசி அளக்கும் கையும், பள்ளிக் கதவைத் திறந்துவிடும் கையும் நம்முடையவையாக இருக்கும். விழுந்த வீட்டின் முன் நிற்கும் பாட்டியிடம் நாளை வா என்று சொல்வதா, அவள் திண்ணைக்கே போய் எழுதிக் கொடுப்பதா என்பதை அன்று நாம்தான் முடிவு செய்வோம்.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் நாம் படிப்பதற்காகப் பள்ளிகளைத் திறந்தார். சட்டங்களும் விதிகளும் நமக்கு இன்று நிறைய உண்டு. அவை தாமாக வெள்ளத்தில் இறங்கி நடப்பதில்லை. மனிதர்தாம் இறங்க வேண்டும். பெருந்தலைவருக்கு மாலை சூட்டுவது எளிது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் தண்ணீரில் இறங்குவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.